ரீபவுண்டு எடுத்தவளுக்கும் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனைகள் கெய்ட்லின் கிளார்க்கையும் ஏஞ்சல் ரீஸையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ரீஸைப் பற்றி ‘கூடைக்கு அடியில் நின்று பந்து பொறுக்குபவர்’ என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அது தொண்டையில் சிக்கிய முள்ளாக இன்னும் குத்துகிறது. நானும் கல்லூரியில் கூடைக்கு அடியில் நிற்கும் சென்டராக ஆடியவள்தான்.

கூடையில் விழாமல் திரும்பும் பந்தை எடுப்பதைத்தான் ரீபவுண்டு என்கிறோம். அதை எடுப்பது எப்படி என்று தங்களுக்குத் தெரியாததல்ல. எதிரணிப் பெண் கையைவிட்டுப் பந்து கிளம்பும்போதே அது போர்டில் எங்கே பட்டு எந்தப் பக்கம் விழும் என்று கணிக்கவேண்டும். பின்னால் நிற்பவளை முதுகாலேயே தடுத்து இடம் பிடிக்கவேண்டும். விலாவில் முழங்கை இறங்கும், ரெஃப்ரி பார்க்கமாட்டார். இறங்கும்போது யார் காலிலாவது மிதித்தால் கணுக்கால் போச்சு. இத்தனையும் செய்து பந்தை எடுத்து ஓடுபவளிடம் கொடுத்தால், பாயிண்ட் அவள் பெயரில் ஏறும். ஏறட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் எடுத்துக் கொடுத்தவளைப் பொறுக்குகிறவள் என்று எழுதாதீர்கள்.

2024இல் கிளார்க்கின் கல்லூரி அணியான அயோவா, ரீஸின் அணியான எல்எஸ்யூவை 94–87 என்று வென்ற ஆட்டத்தில் கிளார்க் 41 பாயிண்ட் அடித்ததைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதே ஆட்டத்தில் ரீஸ் எடுத்த 20 ரீபவுண்டு கட்டுரையில் எங்கேயுமே இல்லை. 2023இல் இதே இரண்டு அணிகள் மோதிய தேசியக் கல்லூரி இறுதி ஆட்டத்தில் கிளார்க் 30 பாயிண்ட், ரீஸ் 15. ஜெயித்தது ரீஸின் அணி, 102–85. சிறந்த வீராங்கனை விருதும் ரீஸுக்குத்தான். அந்த ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் ரீஸ் கையை ஆட்டிக் கேலி செய்ததை மட்டும்தான். அந்தச் சைகைக்காக ரீஸைத் திட்டக்கூடாது என்று கிளார்க்கே சொன்னாரே! அடுத்த வருட இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலினா அயோவாவை 87–75 என்று வென்றது எதனால்? ரீபவுண்டில் 51–29. அதில் 17 எடுத்துச் சிறந்த வீராங்கனையான கமீலா கார்டோசோவின் பெயர்கூடக் கட்டுரையில் வரவில்லை.

கிளார்க்கைக் குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். அவ்வளவு தூரத்திலிருந்து அப்படிப் போடும் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்கும் நீங்கள் நியாயம் செய்யவில்லை. கல்லூரியில் அவர் எடுத்த 3,951 பாயிண்டை மூன்று இடத்தில் எழுதியவர்கள், அடுத்தவர் பாயிண்ட் எடுக்க அவர் பாஸ் கொடுத்த 1,144 அசிஸ்டை ஓர் இடத்திலாவது எழுதியிருக்கலாம். ரீஸ் கூடைக்குப் பக்கத்திலிருந்தே நிறையத் தவறவிடுகிறார் என்று எழுதியது உண்மை. அதே பேனா, தொழில்முறை ஆட்டத்தின் முதல் வருடத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 13.1 ரீபவுண்டு எடுத்தார் என்பதையும் எழுதவேண்டாமா?

அப்புறம், 3,951 ‘கல்லூரிப் பெண்கள் யாருமே தொடாதது’ அல்ல. 1970களில் பேர்ல் மூர் என்ற பெண் 4,061 எடுத்திருக்கிறார். மூன்று பாயிண்ட் கோடே இல்லாத காலம் அது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ, பெண்களுக்குக் கூடைப்பந்துப் போட்டி நடத்த ஆரம்பித்ததே 1982இல்தான். அதற்கு முன்னால் ஆடியவர்களின் கணக்கு வெகுகாலம் அவர்கள் ஏட்டில் ஏறவில்லை. உங்கள் ஏட்டிலும் வேண்டாமா?

‘எதிர்காலம் யாருக்கு’ என்று பெட்டி கட்டி, கல்லூரி ஆட்டத்தில் பெயர் எடுத்த பெய்ஜ் பெக்கர்ஸுக்கும் ஜூஜூ வாட்கின்ஸுக்கும் நட்சத்திர மதிப்பெண் வேறு. பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு சீசன் முழுக்கப் போனது. அன்றைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்திருப்பீர்கள்? 2025இல் அவர் கல்லூரிக் கோப்பையும் வாங்கினார், தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகவும் போனார். அதே 2025 மார்ச்சில் வாட்கின்ஸின் முழங்கால் போயிற்று. இருபது வயதுப் பெண்ணின் எதிர்காலத்துக்கு மதிப்பெண் போடும்போது கொஞ்சம் யோசியுங்கள்.

எனக்கும் ஒருவர் மதிப்பெண் போட்டார். 1987இல் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் என் தங்கை பென்சிலால் கோடு போட்டு எண்ணினாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. மொத்தம் 19 ரீபவுண்டு. மூன்று பாயிண்டில் ஜெயித்தோம். மறுநாள் பேப்பரில் வந்த நான்கு வரியில் 24 பாயிண்ட் அடித்தவளின் பெயர் இருந்தது. அது சரி. அடுத்த வாரம் பல்கலைக்கழக அணிக்கான தேர்வில், தேர்வாளர் அந்தப் பேப்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “நீ எத்தனை பாயிண்ட்?” என்று கேட்டார். “ஆறு சார்” என்றேன். “சரி, போம்மா” என்றார். தங்கை எழுதிய அட்டை என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டத் தைரியம் வரவில்லை.

உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நல்ல உயரம், பந்து எங்கே விழும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். போன வெள்ளிக்கிழமை உங்கள் இதழை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, “மிஸ், நான் சென்டர் ஆடலை. வெளியே நின்னு ஷூட் பண்றேன்” என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கேட்பது சின்ன விஷயம். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தின் முடிவைப் போடும்போது, பாயிண்ட் எடுத்தவரின் பெயருக்குக் கீழே, அதிக ரீபவுண்டு எடுத்தவர் பெயரும் அதிக அசிஸ்ட் கொடுத்தவர் பெயரும் எண்ணிக்கையோடு வரட்டும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் மேஜையில் கேட்டால் சொல்வார்கள். எண்ணவில்லை என்று சொன்னால், அடுத்த ஆட்டத்திலிருந்து எண்ணச் சொல்லுங்கள். பத்திரிகை கேட்டால் எண்ணுவார்கள்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
திண்டுக்கல்