மீனைச் சோதித்துச் சொல்லுங்கள்: நீர்நிலைகளுக்கும் மீன்வளத்துக்கும் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தேனி மாவட்டத்து வராக நதியிலும் அதன் கண்மாய்களிலும் வலை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் சார்பாகக் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் கொடுத்த மனுவுக்கு, உங்கள் அலுவலகங்களுள் ஒன்றிலிருந்து பதில் வந்து சேர்ந்தது. ஆற்று நீரில் மாதிரி எடுக்கப்பட்டதாகவும், அதில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டவில்லை என்றும், ஆகவே மேல்நடவடிக்கை தேவைப்படவில்லை என்றும் அதில் கண்டிருக்கிறது. மாதிரி எடுத்ததற்கு நன்றி. ஆனால் தண்ணீரைச் சோதிக்கும்படி எங்கள் மனுவில் ஒரு வரி கூட இல்லை. மீனைச் சோதித்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டிருந்தோம். அந்தக் கேள்விக்கு இந்தப் பதிலில் ஒரு சொல்லும் இல்லாததால்தான், இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பாதரசம் தண்ணீரில் கரைந்து நம் கண்ணெதிரே நிற்கிற பொருள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அது வண்டலோடு சேர்ந்து அடியில் படிகிறது. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அந்த வடிவத்தில் அது பாசிக்குள்ளும், பாசியைத் தின்னும் புழு பூச்சிகளுக்குள்ளும், அவற்றைத் தின்னும் சிறுமீனுக்குள்ளும், சிறுமீனைத் தின்னும் விராலுக்குள்ளும் போய், ஒவ்வொரு படியிலும் பெருகிக்கொண்டே வருகிறது. சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்கு வரைகூட இரைதின்னி மீனின் சதையில் சேரக்கூடும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. அதனால்தான் இந்நாட்டுச் சட்டமே இரண்டுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. குடிநீருக்கு ஒரு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். பிற மீன்களைத் தின்று வளராத மீன் வகைகளுக்கு ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். நீரின் வரம்பை வைத்துக்கொண்டு மீனுக்குச் சான்று கொடுக்க முடியாது.

எங்களுக்கு ஏன் இந்த அச்சம் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு அவ்வூரின் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001இல் வெளிவந்ததும், ஆலை அதோடு மூடப்பட்டதும், 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. அந்த ஆலை நின்ற மேட்டுக்குக் கீழே பாம்பாறு சோலை. அங்கிருந்து இறங்கும் பாம்பாறுதான் கும்பக்கரை அருவியாக விழுந்து எங்கள் வராக நதியில் சேர்கிறது. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006இலேயே விஞ்ஞானிகள் ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது, கிலோவுக்கு 20 மில்லிகிராம் போதுமா போதாதா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. மலைக்குக் கீழே அந்த நீரில் மீன் பிடித்துத் தின்கிறவர்களின் தட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அந்த வாதத்தில் எங்கள் காதுக்கு எட்டும்படி ஒருமுறையும் எழவில்லை.

பழி முழுவதையும் ஓர் ஆலையின் மேல் போடவும் நான் வரவில்லை. உருளைக்கிழங்கு விதைக்கும் கரும்புக் கரணைக்கும் விதைநேர்த்தி செய்ய மெத்தாக்ஸி எத்தில் பாதரசக் குளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை 2018 ஆகஸ்டில் தடை வரும்வரை இந்நாடு அனுமதித்திருந்தது. கண்மாய்க் கரைகளில் கொட்டப்படும் குப்பையில் உடைந்த குழல் விளக்குகள் கிடக்கின்றன. நிலக்கரி எரிக்கும் புகையிலிருந்தும் பாதரசம் மழையோடு இறங்குகிறது. எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் பிறகு ஆராய்ந்துகொள்ளலாம். மீனில் இருக்கிறதா, இருந்தால் எந்த மீனில் எவ்வளவு என்பதை முதலில் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் அலுவலகத்திலிருந்து பார்த்தால் இது தெரியாது. விடியற்காலையில் தங்கூசி வலையை இழுத்துக் கரையில் மீனைக் கொட்டியதும் முதலில் நடப்பது தரம் பிரிப்பது. கட்லா, ரோகு, மிர்கால் ஒரு பக்கம் ஐஸ் பெட்டிக்குப் போகும். விரால் அகப்பட்டால் உயிரோடு தண்ணீரில் விட்டு வைப்பார்கள், அதற்கு விலை அதிகம். கடைசியில் வலையின் மூலையில் மிஞ்சிக் கிடக்கும் கெளுத்தி, குறவை, ஆரால் ஆகியவற்றை வியாபாரி தொடமாட்டார். அவை எங்கள் வீட்டுச் சட்டிக்கு வரும். விற்கப்படும் கட்லாவும் ரோகுவும் மிதவை உயிர்களையும் பாசியையும் தின்று வளர்பவை. வீட்டுக்கு வரும் குறவையோ குஞ்சு மீனையும் தவளைக் குஞ்சையும் விழுங்கி வளர்வது. பாதரசம் படிப்படியாகப் பெருகுவது உண்மையானால், ஊருக்கு விற்பது பெரும்பாலும் கீழ்ப்படியின் மீன், நாங்கள் அன்றாடம் தின்பது மேல்படியின் மீன் என்றாகிறது. சந்தையில் மாதிரி எடுத்தாலும் எங்கள் சட்டியில் இருப்பது உங்களுக்குக் கிடைக்காது என்பதை இதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

என் தம்பி மகள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். ரத்தசோகை இருக்கிறது, மீன் நிறையச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று கிராமச் செவிலியர் அவளுடைய அட்டையைப் பார்த்துச் சொன்னார். மலையிலிருந்து வரும் நீரில் பாதரசம் இருப்பதாகக் கைப்பேசிகளில் சுற்றிய செய்தியை அவளும் படித்திருக்கிறாள். மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் மூளையைத் தாக்கும் என்பது அதில் எழுதியிருந்தது, அது பொய்யும் அல்ல. இப்போது அவள் அம்மா குறவைக் குழம்பில் மீன் துண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, சோற்றில் குழம்பை மட்டும் ஊற்றிக் கொடுக்கிறார். "பெரியப்பா, நான் மீன் சாப்பிடலாமா, கூடாதா?" என்று அவள் என்னைக் கேட்டாள். நான் செவிலியரைக் கேட்டேன். "எங்களுக்கு வந்த வழிகாட்டுதலில் சாப்பிடச் சொல்லித்தான் இருக்கிறது அண்ணே, இந்த ஆற்று மீனைப் பற்றித் தனியாக ஒன்றும் வரவில்லை" என்றார். அவர் மேல் குறையில்லை. கொழுப்பில் அல்லாமல் தசைப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் இந்த நஞ்சு, கழுவினாலும் போகாது, கொதித்தாலும் போகாது. மீனை ஒதுக்கினால் பிள்ளைக்குச் சத்துக் குறைவு, ஒதுக்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கர்ப்பிணியை நிறுத்தி வைத்திருப்பது பாதரசம் மட்டுமல்ல, சோதித்துச் சொல்ல மறுக்கும் மௌனமும்தான்.

இந்த மௌனத்தால் இன்னொரு கேடும் உண்டு. வதந்தி கிளம்புகிற வாரத்தில் வியாபாரிகள் கிலோவுக்குக் கேட்கும் விலையை இறக்கிவிடுகிறார்கள். எங்கள் மீன் நல்லது என்று காட்ட எங்களிடம் ஒரு தாள் இல்லை, கெட்டது என்றால் தொழிலை மாற்ற வழியும் இல்லை. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்காகக் கட்டும் மீன்பாசி குத்தகைத் தொகையில் மட்டும் ஒரு தவணை தவறினாலும் அறிவிப்பு வந்துவிடுகிறது. பணம் பெறும் உரிமை இருக்கும் இடத்தில், அந்த நீரின் மீன் உண்ணத்தக்கதா என்று பார்க்கும் கடமையும் இருக்க வேண்டாமா?

இது எங்கள் ஆற்றோடு நிற்கிற கதையும் அல்ல. எங்கள் ஊர்ப் பெண்கள் இருட்டோடு ஜீப்பேறிப் போடிமெட்டுக்கும் குமுளிக்கும் அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஏலச்செடிக்கு மருந்தடித்த கேன்களைக் கழுவும் ஓடைகள் மேற்கே இறங்கிப் பெரியாற்றில் சேர்கின்றன. அதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியில், கேரளத்தின் ஏலூர், எடையாறு தொழிற்பேட்டையை ஒட்டி, 2024 மே மாதம் கூண்டுகளில் வளர்த்த மீன்கள் உட்படத் திரள் திரளாகச் செத்து மிதந்தன. ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்று ஒரு தரப்பும், ஹைட்ரஜன் சல்பைடும் அம்மோனியாவும் இருந்தன என்று மற்றொரு தரப்பும் சொல்லிக்கொண்டிருந்தன. அங்கே மீன் செத்து மிதந்ததால் உலகம் திரும்பிப் பார்த்தது. பாதரசம் ஏறிய மீன் செத்து மிதப்பதில்லை. பளபளப்பாகவே வலையில் வரும். ஆலையின் பாதரசக் கழிவு கடல் மீனில் ஏறிய ஜப்பானின் மினமாட்டாவில் மனிதருக்கு முன்னால் பூனைகள் துடித்து விழுந்தன. 1956இல் நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவான பிறகும் ஆலைக் கழிவு பல ஆண்டுகள் கடலில் விழுந்துகொண்டே இருந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த அந்த ஊரின் பெயரால் அமைந்த உலக உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்று உறுதி செய்திருக்கிறது. அந்தக் கையெழுத்து இந்தக் கண்மாய்க் கரைக்கும் சேர்த்துப் போடப்பட்டது என்றே நாங்கள் நம்புகிறோம்.

கோபத்தில் சொல் நீண்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். எங்கள் கோரிக்கை பெரிதல்ல. மீனைச் சோதியுங்கள். வராக நதியின் மேல்பகுதியான சோத்துப்பாறை அணைப் பக்கமிருந்தும், கும்பக்கரைக்குக் கீழே பாம்பாற்றிலிருந்தும், இரண்டும் கலந்த பிறகு கண்மாய்களிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்தால் பாதரசம் எந்தக் கிளையில் வருகிறது என்பதும் தெரிந்துவிடும். கட்லா, ரோகுவோடு நிறுத்தாமல் விரால், குறவை, கெளுத்தி ஆகியவற்றையும் சிறிது பெரிது பார்த்து எடுங்கள், ஏனெனில் வயதான மீனில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். பாதரசத்தோடு ஈயம், காட்மியம், பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றையும் பாருங்கள். நீர்க்காகங்களும் கொக்குகளும் அடையும் மரங்களின் அடியில் உதிர்ந்த இறகுகள் கிடக்கின்றன. உடலில் சேர்ந்த பாதரசத்தைப் பறவைகள் இறகில் இறக்கிவிடுவதால், ஒரு பறவையையும் பிடிக்காமலேயே அவற்றின் நிலையையும் அறிய முடியும். அவையும் எங்களைப் போல இந்த மீனை நம்பி இருப்பவை.

முடிவு எதுவாக இருந்தாலும் அதைத் தமிழில் எழுதி, ஏலம் விடும் இடத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டுங்கள். எந்த மீனை, யார், வாரத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று செவிலியர் சொல்லும்படி இருக்கட்டும். அளவு மீறியிருந்தால், பிடிக்கத் தடை போடுவதற்கு முன் குத்தகைத் தொகையைத் தள்ளுபடி செய்து, வலைக்காரர்களுக்கு நிவாரணம் அறிவியுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிறைந்து அடுத்த ஏலம் வருவதற்குள் முதல் சோதனை முடிய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மாதிரி மீன் பிடித்துத் தர ஆள் இல்லை என்ற சிரமம் உங்களுக்கு வேண்டாம். பரிசலும் வலையும் ஐஸ் பெட்டியும் எங்களிடம் இருக்கின்றன. உங்கள் அலுவலர் முன்னிலையில் எந்த இடத்தில் சொன்னாலும் வலை வைத்துத் தருகிறோம். தேதியை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வராக நதிக்கரை உள்நாட்டு மீனவர் குடும்பங்களுக்குக் கணக்கெழுதும் ஒருவன்