வசனத்துக்குக் கீழே இரண்டு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசி வந்தபின் கிறிஸ்தவ வாழ்த்து அட்டைகள் அனுப்பும் பழக்கம் மறைந்துவருவதாக வருந்தி எழுதிய கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். எனக்கு அந்த வருத்தம் பாதிதான். கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததே நேரத்தை மிச்சம் பிடிக்கத்தானே! 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், குவிந்து கிடந்த கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுத நேரமில்லாமல், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியை ஒரு படம் வரையச் சொல்லி அச்சடித்துக்கொண்டார். ஒரே படத்தை ஊருக்கெல்லாம் ஃபார்வர்டு செய்கிற நமக்கு அவர்தான் முன்னோடி. ஒன்று சொல்ல வேண்டும்: அந்த அட்டையின் இரண்டு ஓரங்களிலும் ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவதையும் துணி கொடுப்பதையும் வரைந்திருந்தார்கள். (நடுவில் குடும்பமே மதுக்கிண்ணமும் கையுமாக இருந்ததற்கு மதுவிலக்குக்காரர்கள் கொதித்தது தனிக்கதை.)

ஆகவே தாளா, திரையா என்ற சண்டையில் நான் இல்லை. உள்ளே என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

என் கணவர் காலமான வாரத்தில் வந்த அட்டைகளில் பெரும்பாலும் பைபிளின் எரேமியா 29:11 வசனம்தான். 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' அருமையான வசனம், மறுக்கவில்லை. ஆனால் அது வரும் இடத்தைப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் என்கிறது. அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியா என்ற தீர்க்கதரிசியை முந்தின அதிகாரத்தில்தான் கண்டித்திருக்கிறார். அந்த எழுபது வருஷத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை ரோஜாப்பூ படத்தின்மேல் அச்சடித்தால், துக்க வீட்டில் இருப்பவள் காதில் அது 'சீக்கிரம் தேறிக்கொள்' என்றுதான் விழுகிறது.

நீதிமொழிகள் 25ஆம் அதிகாரம் ஏற்ற சமயத்தில் சொன்ன வார்த்தையை வெள்ளித்தட்டில் வைத்த பொற்பழம் என்கிறது. அதே அதிகாரம், மனத் துக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனைக் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனோடு சேர்த்து வைக்கிறது. முதல் வசனம் போட்ட அட்டைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. இரண்டாவதை எந்த அட்டையிலும் பார்த்ததில்லை.

என்னைத் தூக்கி நிறுத்திய அட்டை பல மாதம் கழித்து வந்தது. ஆள் வரத்து நின்று, போன் மணியும் ஓய்ந்துபோன சமயம். சபைப் பாடகர் குழுவில் என் கணவர் பக்கத்தில் நின்று பேஸ் (அடிக்குரல்) பாடிய தம்பி அனுப்பியிருந்தார். அச்சில் சங்கீதம் 34:18 மட்டும்; நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்கிற வசனம். அதன் கீழே பால்பாயின்ட் பேனாவில், கோணல்மாணலாக: 'அக்கா, அண்ணன் கடைசிச் சரணத்தில் எப்பவும் அரைத் தாளம் முந்திப் போயிடுவாங்க. இப்ப எல்லாரும் சேர்ந்தே முடிக்கிறோம். நல்லாவே இல்ல.' சிரித்தேன், அப்புறம் நன்றாக அழுதேன். அவர் பேரை எடுத்தால் நான் உடைந்துவிடுவேன் என்று எல்லாரும் பொத்திப் பொத்திப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒருவர் அவரைப் பற்றியே, அதுவும் அவருடைய குறையைப் பற்றி எழுதினாரே!

பவுல் அப்போஸ்தலர் ரோமச் சபைக்கு எழுதிய கடிதத்தின் (ரோமர்) 16ஆம் அதிகாரத்தைப் பெயர்ப்பட்டியல் என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். வாழ்த்து எழுதப் பழகுகிறவர்களுக்கு நல்ல பாடம் அங்கேதான் இருக்கிறது. பெர்சியாளை வாழ்த்தும்போது அவள் பட்ட பிரயாசத்தைச் சொல்கிறார் பவுல். ரூப் என்பவரின் தாயை வாழ்த்தும்போது 'அவள் எனக்கும் தாய்' என்கிறார். ஆளுக்கு ஒரு வரிதான். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு மாற்றி அனுப்ப முடியாது.

இப்போது நானும் அனுப்புகிறேன். அடக்க ஆராதனை முடிந்த கையோடு அனுப்புவதில்லை. தேதியை டைரியில் குறித்துவைத்து, அந்த வீட்டுக்கு முதல் கிறிஸ்துமஸ் வரும்போதோ, இறந்தவரின் பிறந்தநாளிலோ போய்ச் சேரும்படி எழுதுகிறேன். நோயாளிகளுக்கு என்றால் 'பதில் போட வேண்டாம்' என்று கட்டாயம் சேர்ப்பேன். படுத்திருப்பவருக்கு நன்றி சொல்வதே ஒரு வேலையாகிவிடும்.

அட்டை அச்சிடும் பதிப்பகத்தாருக்கு ஒரு விண்ணப்பம். உள்பக்கம் முழுவதையும் கவிதையால் நிரப்பிவிடாதீர்கள். பாதியையாவது வெறுமனே விடுங்கள். அந்தப் பாதிக்கு வழவழப்பான தாளும் வேண்டாம். மை காயாமல் ஈஷிக்கொள்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்