சில்வர் பீச்சில் வால்நட்சத்திரம் காட்டிய பெரியவருக்கு

2024 அக்டோபரில், கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பைனாகுலரோடு நின்றிருந்த ஐயா, இந்த நன்றி உங்களுக்குத்தான்.

எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருக்க, "கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்" என்றீர்கள். மேற்கே, இடப்புறம் தாழ்வாக வெள்ளிக் கோள், வலப்புறம் சுவாதி நட்சத்திரம். நடுவே சற்று மேலே, புகைக்கோடாகச் சுச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம்! அறுந்த வாரை நூலால் தைத்திருந்த அந்தப் பைனாகுலரை என் மகளின் கழுத்தில் மாட்டிவிட்டு, அவள் கண்ணுக்குத் தெளியும்வரை குமிழைத் திருகிக்கொடுத்தீர்கள்.

வால்நட்சத்திரம் ஊருக்கு ஆகாது என்று பக்கத்தில் ஒரு பாட்டி பயந்தார். எனக்கு மிகவும் பிடித்தது நீங்கள் அவருக்குச் சொன்ன பதில். "அது பனியும் தூசும்தான் அம்மா. சூரிய வெப்பத்தில் பனி ஆவியாகிறது. ஒளியும், சூரியனிலிருந்து பாயும் துகள்களான சூரியக் காற்றும் தள்ளுவதால் வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்கிறது. நம்மை நெருங்கியபோதே ஏழு கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தது." கடைசியில் பாட்டியும் பைனாகுலரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். என் மகள் தினமும் உங்களைப் பற்றிப் பேசுகிறாள். மனமார்ந்த நன்றி, ஐயா.