காரணம் சொல்லி மறுத்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம்.

மாணவர் தொழில்முனைவோர் போட்டி முடிந்துவிட்டது. வென்ற அணிகளின் படங்களும் செய்திகளும் வந்துவிட்டன. அந்தப் படங்களில் நீங்கள் ஓரமாக நிற்கிறீர்கள்; சிலவற்றில் இல்லவே இல்லை. போட்டியை ஒருங்கிணைத்தவன் என்ற முறையில் நீங்கள் செய்ததை மிக அருகிலிருந்து பார்த்தேன். அதற்கான நன்றியைத் தனிக் கடிதங்களில் சொல்வதைவிட எல்லோரும் படிக்கும்படி சொல்வதே முறை என்று தோன்றியது.

தொழில் நடத்துபவர்களை நடுவர்களாக அழைப்பது எளிது. திட்ட அறிக்கையை முன்கூட்டியே படித்துவிட்டு வரும் நடுவர்கள் கிடைப்பதுதான் அரிது. நாங்கள் அனுப்பிய சுருக்கங்கள் ஓரக் குறிப்புகளோடு உங்களிடமிருந்து திரும்பி வந்தன. 'மூன்றாம் பக்கத்தில் உள்ள விலையும் ஏழாம் பக்கத்தில் உள்ள விலையும் ஒத்துப்போகவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த அணியை வழிநடத்திய ஆசிரியரே அதைக் கவனித்திருக்கவில்லை.

மதிப்பெண் முறையிலும் நீங்கள் காட்டிய கண்டிப்பைச் சொல்ல வேண்டும். எல்லா நடுவர்களுக்கும் ஒரே கை இருப்பதில்லை. ஒருவர் பத்துக்கு எட்டு போடும் திட்டத்துக்கு இன்னொருவர் ஐந்துதான் போடுவார். எந்த அறைக்குள் போனார்கள் என்பதை வைத்து ஓர் அணியின் தலைவிதி மாறிவிடக் கூடாது. அதனால்தான் போட்டிக்கு முன்பே எல்லோரும் மாதிரிக்காக எடுத்த ஒரே திட்டத்துக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்து, வேறுபாடுகளைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அந்த யோசனை உங்களுடையது. இனி எங்கள் விதிகளில் அது நிரந்தரமாக இருக்கும். உங்களில் ஒருவர், தான் முதலீடு செய்துள்ள துறையிலேயே ஓர் அணியும் வந்திருப்பதைக் கண்டதும் யாரும் கேட்காமலே எழுந்து வெளியே போனார். அந்த அணியைப் பற்றிய விவாதம் முடிந்த பிறகே உள்ளே வந்தார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

கேள்விகளுக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியவை அவைதான்.

உற்பத்தித் துறை சார்ந்த ஓர் அணி, முதல் ஆண்டிலிருந்தே லாபம் காட்டும் கணக்கோடு வந்திருந்தது. பொருளை வாங்கப்போவது பெரிய நிறுவனங்கள். பணம் வர 90 நாட்கள் ஆகும். மூலப்பொருளுக்கோ முன்பணம் கொடுத்தாக வேண்டும். பல ஆண்டுகள் ஆலை நடத்திய நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முதல் ஆர்டருக்கான பணம் வருவதற்குள் இரண்டாவது ஆர்டர் வந்துவிட்டால், மூலப்பொருளை எதை வைத்து வாங்குவீர்கள்?" மாணவர்களிடம் பதில் இல்லை. அவர் அதோடு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த அணியை அழைத்திருக்கலாம். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, மாதவாரியாகப் பணம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எழுதச் சொன்னார். விற்பனை கூடக் கூடக் கையிருப்பு கரைவதை அவர்கள் தங்கள் கையாலேயே எழுதிப் பார்த்தார்கள். லாபத்தில் இருக்கும் நிறுவனமும் பணமில்லாமல் மூடப்படலாம் என்பதைப் பாடப்புத்தகமும் சொல்கிறது. ஆனால் சம்பளத் தேதி நெருங்கும்போது வங்கிக் கணக்கைப் பார்த்துப் பதறிய ஒருவர் சொல்லும்போது அது வேறு விதமாக மனத்தில் பதிகிறது.

"எங்களுக்குப் போட்டியாளர்களே இல்லை" என்று பெருமையாகச் சொன்ன அணியும் உண்டு. "அப்படியானால் இந்தச் சிக்கலை மக்கள் இன்று எப்படிச் சமாளிக்கிறார்கள்? நோட்டுப் புத்தகத்திலா, தொலைபேசியிலா, பொறுத்துக்கொண்டா? அந்தப் பழக்கம்தான் உங்கள் போட்டியாளர்" என்று கிடைத்த பதிலை நானும் குறித்துவைத்திருக்கிறேன். மொத்தச் சந்தையில் ஒரே ஒரு சதவீதம் கிடைத்தாலே போதும் என்று கணக்குப் போட்டவர்களிடம், அந்த ஒரு சதவீதத்தை விட்டுவிடுங்கள், முதல் பத்து வாடிக்கையாளர்கள் யார் என்று சொல்லுங்கள் என்றீர்கள். பள்ளி மாணவர்களுக்கான செயலியோடு வந்தவர்களிடம், பயன்படுத்துபவர் மாணவர், ஆனால் பணம் கொடுப்பவர் யார், அவரை நேரில் சந்தித்தீர்களா என்று கேட்டீர்கள். நிறுவனர்களுக்குச் சம்பளமே எழுதாத கணக்குகளையும் ஒருவர் விடாமல் பிடித்தார்.

இத்தனை கடினமான கேள்விகளுக்கு நடுவிலும் எந்த மாணவரும் சிறுமைப்படுத்தப்படவில்லை. முதலீட்டாளர்கள் மேடையில் அமர்ந்து போட்டியாளரை வெட்டிப் பேசுவது தொலைக்காட்சிக்குச் சுவையாக இருக்கலாம். முதன்முறையாகத் தன் யோசனையைப் பொதுவில் வைக்கும் இருபது வயதுக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். குரலை உயர்த்தாமலேயே கண்டிப்பாக இருக்க முடியும் என்பதை நீங்கள் காட்டினீர்கள்.

என் பார்வையில் உங்கள் உழைப்பின் உச்சம், வெளியேறிய அணிகளுக்கு நீங்கள் எழுதிய குறிப்புகள்தான். பரிசு பெற்றவரைப் பாராட்டுவதில் சிரமம் இல்லை. தேர்வாகாத ஒவ்வோர் அணிக்கும் ஏன் தேர்வாகவில்லை, அடுத்து எதைச் சரிசெய்ய வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுவதற்குப் பொறுமை வேண்டும். 'நல்ல முயற்சி, வாழ்த்துகள்' என்று முடித்துக்கொண்ட குறிப்பு ஒன்றுகூட அவற்றில் இல்லை. நண்பர்கள் நால்வர் பங்குகளைச் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அணிக்கு, ஒருவர் ஆறு மாதத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டால் அவருடைய கால் பங்கு என்னவாகும், பங்குகள் பணியாற்றிய காலத்துக்கேற்பச் சேரும்படி இப்போதே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த நால்வரின் நட்பையும் காக்கக்கூடிய அறிவுரை அது.

நிறைவு விழாவில் உங்களில் ஒருவர், இணையதளங்களை விரைவாகப் பயனர்களிடம் கொண்டுசேர்க்கும் அகமாய் நிறுவனத்தின் கதையைச் சொன்னார். அதன் நிறுவனர்களான டாம் லெய்ட்டனும் டேனி லூவினும் 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத் தொழில்முனைவுப் போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்தார்கள். முதல் பரிசு கிடைக்கவில்லை. அந்த ஆண்டே நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது. தோற்ற அணிகளுக்கு ஆறுதல் சொல்ல அதுவே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அவர் அடுத்துத் தன் முதல் நிறுவனம் மூடப்பட்டதையும், கடனை அடைக்கப் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொன்னார். அரங்கில் யாரும் கைபேசியைப் பார்க்கவில்லை.

தேதிகளை மாற்றி உங்கள் நேரத்தை ஒதுக்கித் தந்த அலுவலக உதவியாளர்களுக்கும், நிறுவன வேலையை அன்று தாங்கிக்கொண்ட சக பணியாளர்களுக்கும் எங்கள் நன்றியைச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் குறிப்புகள் அந்தந்த அணிகளிடம் மட்டுமே கொடுக்கப்பட்டுள்ளன. திட்டங்களின் நகல்களை நீங்கள் கேட்டபடியே திரும்பப் பெற்றுக்கொண்டோம். பணப்புழக்கக் கணக்கைத் திருத்தி எழுதிய அந்த உற்பத்தி அணி, புதிய கணக்கை அதே நடுவரிடம் காட்ட அனுமதி கேட்டிருக்கிறது. வேறு சில அணிகளும் கேட்கின்றன. இசைவு தருபவர்கள் எங்களுக்கு ஒரு வரி எழுதினால் போதும், மற்ற ஏற்பாடுகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
போட்டி ஒருங்கிணைப்பாளர்