எரென் பக்கம் நின்ற வாசகர்களுக்கு

அன்புள்ள தோழர்களே,

2021 ஏப்ரல் 9 அன்று 'அட்டாக் ஆன் டைட்டன்' என்ற மாங்காவின் (ஜப்பானியப் படக்கதையின்) 139-ஆம் அத்தியாயம் வந்தது. அத்தோடு கதை முடிந்தது. அன்றிரவு என் தம்பி கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கைபேசியைக் கட்டிலில் எறிந்தான். "ஏமாத்திட்டான்" என்றான். யார், கதாநாயகன் எரெனா, வரைந்தவரா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இந்த மடலை அவனை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கதையை இன்னும் முடிக்காதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2009 செப்டம்பரில் தொடங்கிய கதை, பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. மாதம் ஓர் அத்தியாயம். பள்ளிக்கூடத்தில் தொடங்கி வேலைக்குப் போன பிறகு முடித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அம்மாவை டைட்டன் என்ற மனிதர்களைத் தின்னும் ராட்சதன் தின்பதைக் கண்ணால் பார்த்த சிறுவன் எரெனோடு கூடவே வளர்ந்தோம். அப்படி வளர்ந்தவன் கடைசியில் பால்ய நண்பன் அர்மின் முன்னால் விழுந்து அழுகிறான். தன்னோடு வளர்ந்து தன்னை நேசிக்கும் மிகாசா வேறொருவனைத் தேடிக்கொள்வது பிடிக்கவில்லை, குறைந்தது பத்து வருஷமாவது தன்னையே நினைத்திருக்க வேண்டும் என்று புலம்புகிறான். டைட்டன் படையை ஏவி உலகத்தையே மிதித்து நசுக்கியவன் வாயில் இந்தப் பேச்சா என்று கொதித்தீர்கள். பாத்திரத்தையே கொன்றுவிட்டார் ஆசிரியர் என்றீர்கள்.

எனக்கு அந்தப் பக்கத்தில் அப்படித் தோன்றவில்லை. காரணத்தைச் சொல்ல 131-ஆம் அத்தியாயத்துக்குப் போக வேண்டும்.

ராம்சியை நினைவிருக்கிறதா? எதிரி நாடான மார்லியில் பிக்பாக்கெட் அடித்துப் பிழைக்கும் அகதிச் சிறுவன், ஒரு கை வெட்டப்பட்டவன். சந்தில் அவனைச் சிலர் அடிக்கிறார்கள். எரென் முதலில் கடந்துபோகப் பார்க்கிறான். இன்னும் கொஞ்ச நாளில் இந்தப் பையனைக் கொல்லப்போவதே தான்தானே, காப்பாற்ற எனக்கு என்ன யோக்கியதை என்று தயங்குகிறான். ஆனாலும் கால் நகரவில்லை. அடிவாங்கிக்கொண்டே அவனைக் காப்பாற்றுகிறான். பிறகு அந்தப் பையன் முன்னால் மண்டியிட்டு, அவனுக்குப் புரியாத மொழியில் மன்னிப்புக் கேட்டு அழுகிறான். தன் மக்கள் சுவருக்குள் வாழும் தீவைக் காப்பாற்றுவது மட்டுமே காரணம் இல்லை என்று அங்கேயே ஒப்புக்கொள்கிறான். சுவருக்கு வெளியே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று தெரிந்தபோது ஏமாந்துபோனேன், வெளியுலகத்தைப் பற்றிய அர்மினின் புத்தகத்தில் நான் பார்த்த உலகம் இது இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட நினைத்தேன் என்கிறான்.

அதே அத்தியாயத்தில் ராம்சியும் கூடப்பிறந்த ஹலீலும் ஓடுகிறார்கள். இருவரும் தப்பவில்லை. அடுத்து மேகங்களுக்கு மேலே, கைகளை விரித்தபடி சின்னப் பையனாக எரென். இதுதான் சுதந்திரம் என்று அவன் பூரித்து நிற்கிறான்.

அந்தக் கட்டத்தைத்தான் நம்மில் பலர் கைபேசி முகப்பாக வைத்தோம். நானும் வைத்தேன். அதற்குச் சில பக்கம் முன்னால் நசுங்கிய இரண்டு பிள்ளைகளை யாரும் வைக்கவில்லை. கதைக்குள் எரெனைக் கொண்டாடும் யேகர் படை இருக்கிறதே, அவர்களும் நாமும் ஒரே கோஷத்தைத்தான் போட்டோம். அழுகிற எரென் 139-இல் திடீரென்று முளைத்தவன் இல்லை. எட்டு அத்தியாயத்துக்கு முன்பே ஆசிரியர் இசயாமா அவனை முழுசாகக் காட்டிவிட்டார். நமக்கு மேகத்தின் மேல் நின்றவன் பிடித்திருந்தது, சந்தில் அழுதவனைத் தள்ளிவிட்டுப் போய்விட்டோம்.

139-ஐ இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். மிகாசாவைப் பற்றிப் புலம்பும் பக்கத்தை எல்லோரும் வெட்டி எடுத்துக் கேலி செய்தார்கள். அதே உரையாடலில், நீங்கள் என்னைத் தடுத்து நிறுத்துவீர்கள் என்ற முடிவு தெரியாமல் இருந்திருந்தாலும் இந்த உலகத்தைத் தரைமட்டமாக்கியிருப்பேன் என்கிறான் எரென். ஏன் என்று கேட்டால், ஏனென்று தெரியவில்லை, செய்ய வேண்டும் போலிருந்தது என்கிறான். மனித குலத்தில் எண்பது சதவீதத்தை அழித்த பிறகு சொல்லும் பதில் இது. இந்தத் தொடரிலேயே இவ்வளவு இருட்டான வசனம் வேறு இல்லை என்பேன். நீங்கள் தியாகியை எதிர்பார்த்தீர்கள், அல்லது அரக்கனை. வந்து நின்றவன் பத்தொன்பது வயதுப் பையன். அவன் கையில் உலகத்தின் கழுத்து இருந்தது. எனக்கு அது தூக்கம் கெடுத்த உண்மை.

முடிவில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. எங்களுக்காக நீ கொலைகாரனானாய், நன்றி என்ற பொருளில் அர்மின் பேசுகிற இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிடலாம் போலிருந்தது. பேச்சுவார்த்தைக்கு வழி இருக்கிறது என்று கதை நெடுக நம்பியவன் அர்மின். அவன் வாயில் நன்றியா? இரண்டாயிரம் ஆண்டுகள் அடிமையாகக் கிடந்த, டைட்டன்களின் தொடக்கமான யமீரை, அவளைச் சிதைத்த மன்னன்மேல் வைத்த காதல்தான் கட்டிப்போட்டது என்பதையும் சில பக்கங்களிலேயே சொல்லிக் கடந்துவிட்டார். அதற்கு இன்னும் இடம் வேண்டியிருந்தது. இவை நியாயமான குறைகள், இவற்றைச் சொன்னவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் குறை சொன்னவர்கள் மட்டுமா பேசினார்கள்? வரைந்தவர் பெயரைச் சொல்லி வசைபாடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். தொடரைத் தொடங்கியபோது ஹஜிமே இசயாமாவுக்கு 23 வயது. முடித்தபோது 34. 2022 நவம்பரில் நியூயார்க் அனிமே (ஜப்பானிய அசைபட) விழா மேடையில் முடிவைப் பற்றிய பேச்சு எழுந்தபோது அவர் கண்கலங்கினார். அரங்கமே கைதட்டி அவரைத் தேற்றியது. அடுத்த ஆண்டு ஒரு நேர்காணலில், இளவயதில் தான் மனதில் வரைந்துவைத்த முடிவிலேயே தான் கட்டுண்டுபோனதையும், பெரும் சக்தி எரெனைக் கட்டிப்போட்டதுபோல மாங்காவே தன்னைக் கட்டிப்போட்டதையும் பேசினார். தன் படைப்பைப் பற்றி இவ்வளவு மனம் திறந்து பேசியவரை, நீ தோற்றுப்போனாய் என்று மூவாயிரம் முறை எழுதித்தான் உணர்த்த வேண்டுமா?

மறுப்பதற்கு நல்ல வழியும் உங்களில் சிலரே காட்டினீர்கள். இந்த முடிவு வேண்டாம் என்று ஒரு ரசிகர் குழு உட்கார்ந்து, தங்களுடைய முடிவைப் பக்கம் பக்கமாக வரைந்து 'ரெக்வியம்' என்று பெயர் வைத்தது. அவர்கள் காட்டும் எரெனோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த உழைப்புக்கு முன்னால் தலைவணங்குகிறேன். கோபத்தை மையாக்கினார்கள்.

2023 நவம்பரில் அனிமேயின் இறுதிப் பகுதி ஒளிபரப்பானது. அர்மினின் அந்தப் பேச்சு மாறியிருந்தது, மாற்றத்தில் இசயாமாவுக்கும் பங்கு உண்டு. வெளியுலகத்தின் புத்தகத்தை உன் கையில் கொடுத்தவன் நான், குற்றத்தில் எனக்கும் பங்கிருக்கிறது, நரகத்தில் சேர்ந்தே இருப்போம் என்கிறான் இப்போது. நன்றி சொல்லும் நண்பன் போய், பழியைப் பகிரும் நண்பன் வந்திருக்கிறான். அதைப் பார்த்தபோது இரண்டரை ஆண்டு பாரம் இறங்கியது எனக்கு.

முடிவை ஆதரித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடிக்கவில்லை என்று சொன்ன ஒவ்வொருவரையும் 'உனக்குப் புரியவில்லை' என்று வாயடைத்தீர்கள். நானும் என் தம்பியிடம் அதையே செய்தேன். இரண்டு மாதம் அவன் என்னோடு இந்தக் கதையைப் பற்றிப் பேசவே இல்லை. ஜூனில் 34-ஆம் தொகுதி கூடுதல் பக்கங்களோடு வந்தது. எரென் புதைந்த மரத்தைச் சுற்றி நகரம் எழுகிறது, வேறொரு போரில் அழிகிறது, காடு மூடுகிறது, ஒரு சிறுவன் நாயோடு அந்த மரத்தடிக்கு வருகிறான். அதைக் காட்டத்தான் மறுபடி அவனிடம் போனேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ அத்தனை பேரைக் கொன்னதும் வீண்தானே" என்றான். அந்த ஒரு கேள்வியில் அவன் கதையை என்னைவிட நன்றாகப் படித்திருந்தான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். 131-ஐயும் 139-ஐயும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துப் படியுங்கள். அப்போதும் கோபம் தீரவில்லை என்றால், எந்தப் பக்கம், எந்த வசனம், ஏன் என்று எழுதுங்கள். இசயாமா பெயரை விட்டுவிட்டு எழுதுங்கள். ராம்சியை மறக்காமல் எழுதுங்கள். யமீர் விஷயத்தில் ஆசிரியருக்கு மன்னிப்பே கிடையாது என்று தம்பி இன்னும் அடித்துச் சொல்கிறான். அவன் எழுதிக்கொண்டிருக்கிறான், நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களைப்போலவே ஏப்ரல் 9 அன்று தூங்காத ஒருத்தி