விதிப்புத்தகத்தில் பென்சில் கோடு விழட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளின் விதிப்புத்தகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புத்தகத்தின் விலையை, அதை வைத்து எத்தனை முறை விளையாடினோம் என்ற எண்ணால் வகுத்துப் பார்க்கச் சொல்கிறார் கட்டுரையாளர். அப்படிப் பார்த்தால் பெரும்பாலான புத்தகங்கள் தண்டச் செலவுதானாம். அதனால் அழுக்குப் படாமல் வைத்திருந்து விற்றுவிடுங்கள் என்று முடிக்கிறார். வகுத்தல் சரிதான், வகுக்கும் எண்ணில்தான் கோளாறு.

கதையை நடத்தும் கேம் மாஸ்டர் ஒருவர், கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக விளையாடுபவர் நால்வர், நான்கு மணி நேரம். ஒரே மாலையில் ஐந்து பேருக்குமாகச் சேர்த்து 20 மணி நேரப் பொழுதுபோக்கு. பத்து மாலை விளையாடினால் 200 மணி நேரம். கட்டுரையாளர் கணக்கில் இது வெறும் பத்து. முந்தின இரவு கேம் மாஸ்டர் குறிப்பு எழுதிய நேரமும், குளிக்கும்போது ‘அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன வைக்கலாம்’ என்று யோசித்த நேரமும் இதில் சேரவே இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பாதி விளையாட்டு.

சரி, நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. முதன்முதலில் வாங்கிய விதிப்புத்தகத்தை நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். ஆயுதங்களின் எடைப் பட்டியல் வந்த இடத்தில் கண்ணைச் சுழற்றியது. அப்புறம் இரண்டு வருடம் அலமாரியில் தூங்கியது. தவறு படித்த விதத்தில் இருந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு 1974-இல் வந்தபோது ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னக் கையேடுகள்தான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் மூன்று அடிப்படைப் புத்தகங்களும் சேர்ந்தால் ஆயிரம் பக்கத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதில் விளையாடுபவருக்கான புத்தகத்தில் ஏறத்தாழக் கால் பங்கு மந்திரங்களின் விவரம். வாள் பிடிக்கும் வீரனாக முதல் நிலையில் தொடங்குபவர் அந்தக் கால் பங்கைத் திறக்கவே வேண்டாம். அகராதியை யாராவது ‘அ’விலிருந்து படிப்பார்களா?

இரண்டு வருடம் கழித்து ஒரு விடுமுறை நாளில் அதே புத்தகத்தைக் காகிதமும் பென்சிலும் பகடையுமாக எடுத்து உட்கார்ந்தேன். படிக்கவில்லை, ஒரு கேரக்டரை, அதாவது கதைக்குள் ஆடும் ஆளை, உருவாக்கினேன். அது முடிந்ததும் இன்னொன்று. இரண்டையும் மோதவிட்டேன். ஒருவன் மூன்றே சுற்றில் செத்தான். ஏன் செத்தான் என்று தேடப் போனதில்தான் கவசம், தாக்குதல் பற்றிய விதிகள் எல்லாம் மண்டையில் ஏறின. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பகடை உருட்டினால் கொஞ்சம் உதவத்தான் செய்கிறது. 1977-இல் வந்த டிராவலர் என்ற விளையாட்டில் கேரக்டர் உருவாக்குவதே தனி ஆட்டம். நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணிக்காலம் நகரும், ஒவ்வொன்றிலும் உயிர் பிழைக்கிறாரா என்று பகடை உருட்ட வேண்டும். விளையாட்டுத் தொடங்கும் முன்பே ஆள் செத்துப்போகவும் கூடும். தனியாக உட்கார்ந்து அதில் ஒரு மாலையைக் கழித்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒரு பக்கத்திலிருந்து எவ்வளவு கறக்கலாம் என்பதற்கு ட்ரோல் என்ற அரக்கனைச் சொல்வேன். 2014 பதிப்பின் அரக்கர் புத்தகத்தில் ட்ரோலுக்கு ஒவ்வொரு சுற்றிலும் 10 உயிர்ப்புள்ளி (அடிபட்டால் குறையும் எண்) திரும்ப வந்துவிடும். தீயோ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த முறை வராது. விதி இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு யோசியுங்கள். ட்ரோல் இருக்கும் காட்டோரத்து ஊரில் விளக்கு எரிக்கும் எண்ணெய்க்கு என்ன மதிப்பு இருக்கும்? மழைக்காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? வெட்டிய கை மறுபடி முளைக்கிறது என்றால் அதை வைத்து வியாபாரம் பண்ண ஒருவன் கிளம்ப மாட்டானா? இந்த மூன்று கேள்வியில் எங்களுக்கு ஆறு வாரம் ஓடியது. அந்தப் புத்தகத்தின் மற்ற நூற்றுக்கணக்கான அரக்கர்களை நாங்கள் இன்னும் தொடவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். அரக்கர் புத்தகமும் கதை நடத்துபவருக்கான கையேடும் மேசைக்கு ஒன்று இருந்தால் போதும். ஐந்து பேர் ஐந்து செட் வாங்குவது வீண். அதைவிட, விளையாடுபவர் அரக்கர் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தால் ட்ரோலைப் பார்த்ததுமே தீப்பந்தத்தை எடுப்பார், ஆட்டத்தின் சுவையே போய்விடும். காசும் செலவு, ஆட்டமும் கெட்டது.

வாங்கும் முன்பே விளையாடிப் பார்க்க வழி இருப்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது எனக்கு ஆச்சரியம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. சுமார் 400 பக்கம், காசு வேண்டாம். 1981-இல் தொடங்கிய பேய்க்கதை விளையாட்டான கால் ஆஃப் க்துலுவுக்கு இலவசத் தொடக்கக் கையேடு இருக்கிறது. எந்தக் கதைக்களத்துக்கும் பொருந்தும் கர்ப்ஸ் விளையாட்டின் சுருக்கப் பதிப்பு 32 பக்கம், அதுவும் இலவசம். அயர்ன்ஸ்வார்ன் முழுப் புத்தகமாகவே பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. துணைக்கு ஆள் கிடைக்காதவர் அதைத் தனியாகவே ஆடலாம். இரண்டு மாலை இவற்றில் ஏதாவது ஒன்றை ஆடிவிட்டு, பிடித்தால் கெட்டி அட்டைப் புத்தகம் வாங்கட்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். முதலில் வாங்கினேன், அப்புறம்தான் என் நண்பர்களுக்குப் பேய்க்கதை பிடிக்காது என்று தெரிந்தது.

உண்மையில் காசைக் கரைப்பது துணைப் புத்தகங்கள். முதல் புத்தகத்தில் பாதி திறக்காமல் இருக்கும்போதே ‘புதிய 30 கேரக்டர் வகைகள், 50 மந்திரங்கள்’ என்று ஒன்று வரும், கை தானாக நீளும். எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: ஆட்டத்தின் நடுவே யாராவது ஒரு கேள்வி கேட்டு, கையில் இருக்கும் புத்தகத்தில் விடை இல்லாமல் மூன்று முறை திண்டாடினால்தான் அடுத்த புத்தகம். இதுவரை இரண்டு முறைதான் அப்படி ஆகியிருக்கிறது. விதிவிலக்காகக் கர்ப்ஸின் கதைக்களப் புத்தகங்களைச் சொல்வேன். ரோமப் பேரரசு, பழைய ஜப்பான் என்று அவர்கள் போட்ட புத்தகங்களை, அந்த விளையாட்டின் விதி ஒன்றுகூடத் தெரியாதவர்களும் தங்கள் ஆட்டத்துக்காக வாங்கினார்கள். அன்றாட வாழ்க்கை, ஆயுதம், சமூக அடுக்கு எல்லாம் அதில் இருக்கும்.

புதுப் பதிப்பு வந்ததும் பழையது செல்லாக்காசாகிவிடும் என்ற பயமும் தேவையில்லாதது. 2024-இல் ஐந்தாம் பதிப்பைத் திருத்தி வெளியிட்டார்கள், நாங்கள் இன்னும் 2014-இலேயே இருக்கிறோம். எங்கள் ட்ரோலுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

கடைசியாக அந்த ‘அழுக்குப் படாமல்’ விஷயம். என் புத்தகத்தின் ஓரங்களில் பென்சில் குறிப்புகள். எதிரியைப் பிடித்துத் தள்ளும் விதி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தேடிச் சலித்து, பக்கத்தின் தலையில் வண்ண ஒட்டுத்தாள் வைத்தேன். நாங்கள் மாற்றிக்கொண்ட விதிகள் அந்தந்த விதிக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. இதை யாரும் பழைய விலைக்கு வாங்க மாட்டார்கள், தெரியும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஒரு விதியைத் தேட எனக்குப் பத்து விநாடி போதும். சேகரிப்பாளர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

உங்கள் விமர்சகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு விதிப்புத்தகத்தைப் பற்றி எழுதும்போது அட்டை ஓவியத்துக்கு இரண்டு பத்தி ஒதுக்குவதைக் குறைத்துக்கொண்டு, மூன்று விஷயம் சொல்லுங்கள். விளையாடுபவர் முதல் நாளுக்குள் எத்தனை பக்கம் படிக்க வேண்டும்? உடனே ஆடத் தயாரான சாகசம் ஒன்று உள்ளே இருக்கிறதா? பின்னால் இருக்கும் சொல்லடைவு உருப்படியாக இருக்கிறதா, இல்லை ‘விழுதல்: சேதம் பார்க்க’, ‘சேதம்: விழுதல் பார்க்க’ என்று சுற்றில் விடுகிறதா?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்