பூஜை அறைக் கழுகு: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தாத்தாவைப் பற்றிய சிறு நூல் சென்ற வாரம் அச்சாகி வந்துவிட்டது. நாற்பது பக்கம்தான். நன்றியுரைக்கு அச்சகத்தார் ஒதுக்கித் தந்தது கால் பக்கம். அதில் யாருக்கு எதற்காக நன்றி என்று எழுத இடமில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும்போது என்னிடம் இருந்தவை கொஞ்சம். பிஸ்கட் டின் ஒன்றில் ரிப்பன் கோத்த இரண்டு வெண்கல நட்சத்திரங்கள். பூஜை அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய ஒரு துணித்துண்டு. கரிய துணியில் சிறகு விரித்த சிவப்புப் பறவை. பாட்டி அதைக் கருடன் என்று நம்பிச் சனிக்கிழமைதோறும் துளசி சாத்தினார். பாட்டிக்குப் பின் அம்மா. கூடவே, தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா சண்டையில் துப்பாக்கி ஏந்தி முன்னேறிய சிப்பாய் என்ற குடும்பக் கதை. அதில் நாடும் தப்பு, வேலையும் தப்பு.

முதல் நன்றி, பழைய நாணயமும் பதக்கமும் சேர்க்கும் அந்தப் பெரியவருக்கு. டின்னைத் திறந்த கையோடு, "உங்கள் தாத்தா பர்மாவில் சண்டை போட்டதற்கு இதில் அடையாளமே இல்லையே அம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று ரிப்பன் ஓடினால் அது இத்தாலி நட்சத்திரம். அந்நாட்டுக் கொடியின் நிறங்கள். மணல் நிறத்தின் நடுவே அகலச் சிவப்புப் பட்டை என்றால் ஆப்பிரிக்கா நட்சத்திரம். பர்மாவுக்குத் தனி நட்சத்திரம் உண்டு. அது டின்னில் இல்லை. பூஜை அறைப் பறவையைச் சொன்னேன். சிரிக்காமல், '4ஆவது இந்திய டிவிஷன், சிவப்புக் கழுகுச் சின்னம்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு தெருக்கோடி ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவிடம் போனேன். டிவிஷன் என்றால் என்ன என்று கேட்டவளுக்குத் திண்ணையில் புளியங்கொட்டையை வைத்துப் பாடம் நடத்தினார். ஒன்பது கொட்டைகளை மும்மூன்றாகப் பிரித்தார். ஒரு கொட்டை என்பது ஏறத்தாழ 800 பேர் கொண்ட பட்டாலியன். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட். மூன்று பிரிகேட் ஒரு டிவிஷன். "மொத்தம் எத்தனை பேர்?" என்றார். 7,200 என்றேன். "டிவிஷனில் 15,000 பேருக்கு மேல் இருப்பார்கள். மீதிப் பேர் எங்கே?" என்று கேட்டுவிட்டு, கையில் மிச்சமிருந்த கொட்டைகளை அந்த ஒன்பதுக்குப் பின்னால் கொட்டினார். பீரங்கிக்காரர்கள், சிக்னல்காரர்கள், காயம்பட்டவரைத் தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள், சமையல்காரர்கள். பிறகு அந்தக் குவியலிலிருந்து நாலைந்தைப் பொறுக்கி ஒன்பதுக்கும் முன்னால் வைத்தார். "இவர்கள் சாப்பர்கள். பாதை போடுவதும் பாலம் கட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும் இவர்கள் வேலை. அந்த டிவிஷனில் நம் பக்கத்து ஆள் என்றால், முதலில் இங்கேதான் தேட வேண்டும்."

தேடினேன். ஓர் அலுவலகம் மூன்று முறை 'அப்படி ஒருவர் இல்லை' என்று பதில் போட்டது. அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் தாத்தாவின் பெயர் எப்படிச் சிதைந்திருக்கும் என்று ஊகித்து, நான்கு விதமாக எழுதிப் பார்க்கச் சொன்ன எழுத்தர் அம்மா வேறொரு இடத்தில் இருந்தார். மூன்றாவது விதத்தில் தாத்தா கிடைத்தார்: மெட்ராஸ் சாப்பர்ஸ், 12ஆம் ஃபீல்டு கம்பெனி. ராணுவத்தில் 'தம்பி' என்று செல்லமாக அழைக்கப்படுகிறவர்கள் இவர்கள்தாம். எழுத்தர் அம்மா, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

டிவிஷனின் கதை நீளமானது. 1939இல் எகிப்தில் உருவாகி, 1940 டிசம்பரில் சிடி பரானியில் இத்தாலியப் படையை முறியடித்து, மூச்சு விடுவதற்குள் சூடான் வழியாக எரித்திரியாவுக்கு நகர்த்தப்பட்டது. அங்கே கெரென் மலை. கணவாய்ச் சாலையை இத்தாலியர்கள் பாறைகளைத் தகர்த்து அடைத்திருந்தார்கள். சாப்பர்கள் அதைத் திறந்த பிறகே 1941 மார்ச் 27இல் ஊர் விழுந்தது. 1943 மே மாதம் துனிசியாவில் ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது இந்த டிவிஷனிடம்தான்.

இத்தாலியின் மோன்டே காசினோ மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் 1944 பிப்ரவரி 15இல் மடாலயம் குண்டுவீச்சில் இடிந்தது என்பது மட்டும். மலைக்குப் பின்புறம் வண்டித்தடம் ஒன்றை டாங்கி ஏறும் சாலையாக இந்திய, நியூசிலாந்து சாப்பர்கள் எதிரியின் கண்ணுக்கு மறைத்தே அகலப்படுத்தியதைச் சொன்னவர் ரோமில் படிக்கும் எங்கள் ஊர்த் தம்பி. அந்தக் கேவென்டிஷ் சாலையில் விடுமுறை நாளில் ஏறிப்போய்ப் படம் எடுத்து அனுப்பினார். மார்ச் 19இல் டாங்கிகள் அதில் ஏறின. துணைக்குக் காலாட்படை போகாததால் தாக்குதல் வீணாயிற்று. சாலை மட்டும் நின்றது. அதை வாசித்த அன்று யார் மேலோ எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சுபேதார் ஐயா கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, "சுபேதார் சுப்பிரமணியனை எழுதாமல் சாப்பர் கதை எழுதுவாயா?" என்று கடிந்துகொண்டார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். இதே டிவிஷனின் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ அருகே தன் குழுவில் ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட, மற்றவர்களைக் காக்க அதன்மேல் விழுந்து உயிர்விட்டார். இறந்தபின் ஜார்ஜ் சிலுவை என்ற பிரிட்டிஷ் வீர விருது வழங்கப்பட்டது. தாத்தாவுக்கு முந்தைய பக்கத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

1962 சீனப் போரை விட்டுவிடலாமா என்று நான் தயங்கியபோதும் ஐயாதான் தடுத்தார். நம்கா சூ ஆற்றங்கரையில் சிதைந்த 7ஆவது பிரிகேட் இந்த டிவிஷனுடையது; சேலா, பொம்திலா பின்வாங்கலும் இதன் கணக்கில்தான். மூன்றே ஆண்டுகளில் பஞ்சாபின் அசல் உத்தரில் கரும்பு வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டு பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளைச் சேற்றில் சிக்கவைத்ததும் இதே டிவிஷன். இளம் சாப்பராக ஐயா அப்போது அங்கே இருந்தார். "வெற்றியை மட்டும் எழுதினால் அது கல்யாணப் பத்திரிகை" என்றார்.

அத்தைக்கும் ஒரு நன்றி. "கிரீஸில் ஒரு குளிர்காலம் கிடந்தேன்" என்று தாத்தா அடிக்கடி சொல்வாராம். லாரிப் பட்டறையில் கிரீஸ் பூசிக்கொண்டு கிடந்தார் என்று அறுபது வருஷமாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1944 கடைசியில் டிவிஷன் கிரேக்க நாட்டுக்குப் போனது என்று நான் வாசித்துக் காட்டியதும், அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

மெய்ப்புத் திருத்திய தமிழாசிரியருக்கும் நன்றி. அட்டைப்படத்தில் பறவையின் தலைமேல் இருக்கும் மஞ்சள் புள்ளி அச்சுக் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். அது கழுகுதான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சட்டத்தைக் கழற்ற மட்டும் அவர் விடவில்லை. மாட்டியிருந்த இடத்திலேயே படம் எடுத்தோம். கண்ணாடி மேல் இருப்பது சந்தனம்.

அன்புடன்,
சாப்பரின் பேத்தி